பட்மே போர்: ஒரு பாராட்டுப் பத்திரம்

எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் 1998 மே மாதம் தொடங்கி 2000 ஜூன் வரை நடத்திய எல்லைப் போருக்கு உலகம் உரிய மரியாதையை இன்னும் செய்யவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. அந்த இரண்டு ஆண்டுகளில் தொலைக்காட்சிகள் கொசோவோவைக் காட்டின. நமக்குக் கார்கில் வந்துவிட்டது. ஆப்பிரிக்காவின் கொம்பில் 70,000 பேர் என்றும் ஒரு லட்சம் பேர் என்றும் மதிப்பிடப்படும் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த செய்திக்குப் பத்திரிகைகளின் உள்பக்கத்தில் ஒரு பத்தி கிடைத்தால் பெரிது. அரும்பாடுபட்டு நடத்திய ஒரு போர் இப்படிக் கேட்பாரற்றுப் போவது அநியாயம். கால் நூற்றாண்டு கழித்தாவது யாராவது எழுந்து நின்று நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் அல்லவா? நான் சொல்கிறேன்.

எதிரியைத் தேர்ந்தெடுத்த நேர்த்தியிலிருந்து தொடங்கலாம். முன்பின் தெரியாதவனோடு சண்டைபோட எவனாலும் முடியும். ஒரே தட்டில் உண்டவனோடு போடுவதற்குத்தான் பெருந்தன்மை வேண்டும். எரித்திரியாவின் இசயாஸ் அஃபெவெர்கியும் எத்தியோப்பியாவின் மெலஸ் செனாவியும் காட்டிலும் மலையிலும் துப்பாக்கி தூக்கி வளர்ந்த தோழர்கள். இருவருக்கும் தாய்மொழி திக்ரிஞ்ஞா. மெலஸின் தாயார் எல்லைக்கு அந்தப் பக்கம் எரித்திரிய ஊரைச் சேர்ந்தவர். எத்தியோப்பியாவை ஆண்ட மெங்கிஸ்துவின் ராணுவ ஆட்சியை இருவரின் படைகளும் சேர்ந்தே கவிழ்த்தன. 1991 மே மாதம், சில நாள் இடைவெளியில், ஒருவரின் படை அஸ்மாராவுக்குள்ளும் மற்றவரின் படை அடிஸ் அபாபாவுக்குள்ளும் நுழைந்தது. நடுவில் 1985 வாக்கில் கொஞ்சம் மனஸ்தாபம் இருந்தது. அது எந்தக் குடும்பத்தில் இல்லை? 1993இல் எரித்திரியா வாக்கெடுப்பு நடத்திப் பிரிந்தபோது எத்தியோப்பியா முகம் சுளிக்காமல் வழியனுப்பி வைத்தது. ஆப்பிரிக்காவின் புதிய தலைமுறைத் தலைவர்கள் என்று மேற்குலகம் இந்த இருவரையும் தோளில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் முடிவதற்குள் போர் தொடங்கிவிட்டது.

உறையூர் முற்றுகையின்போது நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி இருவர் தலையிலும் ஒரே ஆத்திமாலையைப் பார்த்துவிட்டு, நடுவில் புகுந்து பேசிய கோவூர் கிழாரை நாம் அறிவோம். நல்ல வேளையாக அப்படி ஒரு தொந்தரவு அந்த மண்ணில் வாய்க்கவில்லை. சமரசம் பேச வந்தவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். அமெரிக்காவும் ருவாண்டாவும் ஒரு திட்டம் கொண்டுவந்தன, ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு இன்னொன்று கொண்டுவந்தது. வெளியூர்க்காரர்களை மரியாதையாக உட்காரவைத்து, காபி கொடுத்து, திருப்பி அனுப்புவதில் இரண்டு நாடுகளும் கைதேர்ந்தவை. காபியின் பிறப்பிடமே அந்த மண்தானே.

போருக்கான இடத்தையும் பாராட்டியாக வேண்டும். பட்மே ஒரு சிற்றூர். எண்ணெய்க் கிணறு கிடையாது, வைரச் சுரங்கம் கிடையாது, கடல் கிடையாது. வறண்ட சமவெளி, கொஞ்சம் கால்நடை, கொஞ்சம் சோளம். பேராசைக்காகப் போர் தொடுத்தார்கள் என்று வரலாறு ஒருநாளும் இவர்களைப் பழிக்க முடியாது. இதைவிடத் தன்னலமற்ற போர்க்களத்தை யாரும் காட்டிவிட முடியுமா என்பது சந்தேகம்தான். இத்தாலி, எரித்திரியாவை ஆண்ட காலத்தில், 1900, 1902, 1908 ஆகிய ஆண்டுகளில் பேரரசர் மெனலிக்கோடு எல்லை ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. ஆறுகளின் பெயரையும் அவற்றுக்கு நடுவே ஒரு கோட்டையும் காகிதத்தில் எழுதிவிட்டுப் போனார்களே தவிர, தரையில் ஒரு கல் நடவில்லை. பட்மே என்ற பெயர் அந்த ஒப்பந்தங்களில் இல்லவே இல்லை. அதனால் இரண்டு தரப்பும் அதே மூன்று காகிதங்களைக் காட்டி, ஊர் எங்களுடையது என்று முழு மனச்சான்றோடு சொல்ல முடிந்தது. ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவுக்கு எதையும் விட்டுச்செல்லவில்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

பொருளாதாரம் படித்த சிலர் இந்தத் தூய போருக்கும் காரணம் கண்டுபிடித்துக் களங்கம் கற்பிக்கிறார்கள். 1997 நவம்பரில் எரித்திரியா, நக்ஃபா என்ற சொந்த நாணயத்தை வெளியிட்டதாம். இனி எங்களோடு வியாபாரம் டாலரில்தான் என்று எத்தியோப்பியா சொல்லிவிட்டதாம். கடலை இழந்த எத்தியோப்பியாவுக்குத் துறைமுகத்தின்மேல் ஒரு கண்ணாம். அதே ஆண்டு எத்தியோப்பியாவின் திக்ராய் மாநிலம் வெளியிட்ட வரைபடம் எரித்திரியாவை உறுத்தியதாம். காசு விவகாரத்தை எழுத்தர்களும் கணக்கர்களும் நாற்காலியில் உட்கார்ந்தே தீர்த்திருப்பார்கள். மானத்தைத் தீர்க்க டாங்கிகள் வேண்டும் என்பது அந்தப் படிப்பாளிகளுக்கு எங்கே தெரியப்போகிறது.

டாங்கிகள் வந்த விதம் ராஜதந்திர மாணவர்களுக்குப் பாடமாக வைக்கத் தகுந்தது. 1998 மே 6 அன்று பட்மே அருகே நடந்த துப்பாக்கிச் சூட்டில் எரித்திரிய வீரர்கள் சிலர் இறந்தார்கள். மே 8 அன்று, எல்லைத் தகராறைப் பேசித் தீர்ப்பதற்கென்றே இருந்த கூட்டுக்குழு அடிஸ் அபாபாவில் கூடியது. மே 12 அன்று எரித்திரியக் கவசப் படை பட்மேக்குள் புகுந்தது. பேச்சு ஒரு பக்கம், படை ஒரு பக்கம் என்று இரண்டு வேலையையும் ஒரே வாரத்தில் முடிக்கும் இந்தச் சுறுசுறுப்பு எத்தனை அரசுகளுக்கு வரும்? மறுநாளே எத்தியோப்பியாவும் சளைக்காமல் பதில் சொல்லத் தொடங்கியது. தோழமை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் உடனே வந்துவிட வேண்டும்.

ஜூன் 5 அன்று எத்தியோப்பிய விமானங்கள் அஸ்மாரா விமான நிலையத்தைத் தாக்கின. அதே நாளில் எரித்திரிய விமானங்கள் திக்ராயின் தலைநகரான மெக்கேலேக்கு வந்தன. விமான நிலையத்தை நோக்கி வந்தவை என்றுதான் எரித்திரியா சொன்னது. கொத்துக்குண்டுகள் விழுந்தது ஐதெர் தொடக்கப் பள்ளியிலும் அதைச் சுற்றியும். 53 பேர் இறந்தார்கள். முதல் சுற்றில் காயம்பட்டவர்களைத் தூக்க ஓடிவந்தவர்கள் தலையில் அடுத்த சுற்று விழுந்தது. இந்த நிகழ்ச்சியைப் பாராட்ட நானும் பல விதமாக முயன்று பார்த்தேன். விமானிகளின் குறியைப் பாராட்டலாம் என்றால், குறி தவறிவிட்டது என்று அவர்களின் அரசே சொல்கிறது. இதை அப்படியே விட்டுவிட்டு மேலே போகிறேன்.

ஆயுதக் கொள்முதலில் இரு நாடுகளும் காட்டிய ஒற்றுமை மெய்சிலிர்க்க வைப்பது. எரித்திரியா மிக்-29 வாங்கியது, எத்தியோப்பியா சுகோய்-27 வாங்கியது. இரண்டும் ரஷ்யத் தயாரிப்பு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இந்தக் கூத்தாடி இரண்டு பக்கமும் பந்தல் போட்டு, இரண்டு பக்கமும் முன்பணம் வாங்கி, பாரபட்சமே இல்லாமல் நடந்துகொண்டான். 1999 பிப்ரவரியில் இரண்டு ரக விமானங்களும் வானத்தில் ஒன்றையொன்று துரத்தின. தன் பொருள்களின் தரத்தை இவ்வளவு நேர்மையாக ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எந்தத் தொழிற்சாலைக்கும் சுலபத்தில் கிடைக்காது. ஐ.நா. பாதுகாப்பு சபையும் தன் பங்குக்கு ஆயுதத் தடை விதித்தது, 2000 மே 17 அன்று. கடைசிப் பெருந்தாக்குதல் தொடங்கியது மே 12 அன்று. வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கி முடிக்கும்வரை பொறுத்திருந்து கடையை மூடும் இந்த நாகரிகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வானத்தில் நவீனம் என்றால் தரையில் பழமையைப் பேணினார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பதுங்குகுழிகள் வெட்டி, எதிரெதிரே உட்கார்ந்து, ஐரோப்பா 1918இல் கைவிட்ட கலையை 1999இல் அப்படியே உயிர்ப்பித்துக் காட்டினார்கள். கண்ணிவெடி புதைத்த வெளிகளில் அலையலையாக ஆட்களை ஓடவிட்டதையும், ஸொரோனா போர்முனையில் உடல்கள் நாள்கணக்கில் எடுப்பாரில்லாமல் கிடந்ததையும் நேரில் பார்த்த செய்தியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஓடியவர்களில் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். பட்மேயை அதற்கு முன் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று தெரியாது. பார்க்காத ஊருக்காக உயிர்விடுவது, பார்த்த ஊருக்காக விடுவதைக் காட்டிலும் உயர்ந்தது என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பட்மேயை விட்டு விலகுவதும் சூரியன் உதிக்காமல் போவதும் ஒன்று என்ற பொருளில் இசயாஸ் பேசியதாகச் சொல்வார்கள். 1999 பிப்ரவரியில் எத்தியோப்பியா பட்மேயைத் திரும்பப் பிடிக்கத் தொடுத்த தாக்குதலுக்குச் சூரிய அஸ்தமனம் என்று பெயர் வைத்தது. இந்த நகைச்சுவை உணர்வு ஒன்றுக்காகவே படைத்தலைமைக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம். ஊர் கைமாறிய கையோடு, அதுவரை மறுத்துவந்த ஆப்பிரிக்க அமைப்பின் சமாதானத் திட்டத்தை எரித்திரியா ஏற்றுக்கொண்டது. அதுவரை அதே திட்டத்தை ஏற்றிருந்த எத்தியோப்பியா உடனே அதில் குறைகள் காணத் தொடங்கி, சண்டையைத் தொடர்ந்தது. ஒருவர் சரி என்னும்போது மற்றவர் முடியாது என்பதும், அவர் சரி என்னும்போது இவர் முடியாது என்பதும் எளிதில் அமையும் பொருத்தம் அல்ல. பல ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

விருந்தோம்பலுக்கு வருவோம். எத்தியோப்பியா தன் மண்ணில் தலைமுறைகளாக வாழ்ந்த எரித்திரிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 75,000 பேரைப் பேருந்துகளில் ஏற்றி அந்தப் பக்கம் அனுப்பிவைத்தது. வீடு, கடை, வங்கிக் கணக்கு ஆகிய சுமைகளை எல்லாம் இறக்கிவைத்துவிட்டு இலேசாகப் பயணம் செய்யும் வசதியும் பலருக்குக் கிடைத்தது. இவர்கள் எரித்திரியர்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? 1993 வாக்கெடுப்பில் வாக்களித்தார்களே! அந்த வாக்குச்சாவடிகளைத் தன் நகரங்களில் அமைக்க அனுமதித்ததே எத்தியோப்பியாதான் என்பதை எண்ணிப்பார்த்தால், எவ்வளவு தொலைநோக்கோடு அந்த அனுமதி தரப்பட்டது என்று வியக்கத் தோன்றுகிறது. கண்ணின் நிறம் பிடிக்கவில்லை என்றாலும் வெளியேறச் சொல்லும் உரிமை ஓர் அரசுக்கு உண்டு என்ற கருத்தில் மெலஸ் அப்போது பேசினார். சட்டத்தை இவ்வளவு எளிமையாக விளக்கிய பிரதமர்கள் குறைவு. எரித்திரியாவும் பின்தங்கவில்லை, தன் மண்ணிலிருந்த எத்தியோப்பியர்களைப் பல்லாயிரக்கணக்கில் முகாம்களில் வைத்தும் அனுப்பியும் கணக்கை நேர்செய்தது.

2000ஆம் ஆண்டு எத்தியோப்பியாவில் மழை பொய்த்தது. ஏறத்தாழ 80 லட்சம் பேருக்கு உணவு உதவி தேவைப்பட்டது. உதவித் தானியத்தை எங்கள் அசாப் துறைமுகத்தில் இறக்கிக்கொள்ளலாம் என்று எரித்திரியா சொன்னது. வேண்டாம் என்று எத்தியோப்பியா மறுத்தது. பசித்தவன் எதிரி கையால் வாங்கித் தின்னக் கூடாது என்ற கொள்கை மிக உயர்ந்தது. அந்தக் கொள்கையை வகுத்தவர்கள் யாரும் அந்த ஆண்டு பசித்திருக்கவில்லை என்பது தற்செயல். அதே மே மாதம் 14ஆம் தேதி எத்தியோப்பியாவில் பொதுத் தேர்தலும் நடந்தது, பெருந்தாக்குதல் தொடங்கிய மூன்றாம் நாள். ஆளும் கூட்டணி அமோகமாக வென்றது. வாக்குச்சீட்டையும் பீரங்கியையும் ஒரே கையால் பிடித்த சாதனை அது.

2000 ஜூன் 18 அன்று அல்ஜியர்ஸில் சண்டைநிறுத்தம் கையெழுத்தானது. டிசம்பர் 12 அன்று அதே நகரில் சமாதான ஒப்பந்தம். தன் தரப்பில் 19,000 பேர் இறந்ததாக எரித்திரியா பிறகு அறிவித்தது. அதன் அப்போதைய மக்கள்தொகை 40 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

இங்கேதான் என் பாராட்டு உச்சத்துக்குப் போகிறது. ஒப்பந்தத்தின்படி ஐந்து சட்ட அறிஞர்கள் கொண்ட எல்லை ஆணையம் ஒன்று தி ஹேக் நகரில் அமைந்தது. தலைவர், சர்வதேசச் சட்டத்தில் பெரும்புலமை கொண்ட எலிஹு லாட்டர்பாக்ட். அதன் முடிவு இறுதியானது, இருவரையும் கட்டுப்படுத்துவது என்று இரு தரப்பும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டன. 2002 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு வந்தது. நூறு பக்கத்துக்கு மேல். அவ்வளவு பக்கத்திலும் பட்மே எந்தப் பக்கம் என்று நேராக ஒரு வரி இல்லை. கோடு போகும் புள்ளிகளின் எண்களைக் கொடுத்திருந்தார்கள். ஊர் எங்கே இருக்கிறது என்று நீங்களே குறித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எத்தியோப்பியாவின் வெளியுறவு அமைச்சர் செயூம் மெஸ்ஃபின் பட்மே நமக்கே என்று உடனே அறிவித்தார். எரித்திரியாவும் வெற்றி என்றது. ஒரே வழக்கில், ஒரே நாளில், இரண்டு கட்சிக்காரர்களையும் வெற்றிக் களிப்போடு வீட்டுக்கு அனுப்பிய நீதிமன்றம் அதற்கு முன் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த மகிழ்ச்சியை அப்படியே நீடிக்க விட்டிருக்கலாம். மறு ஆண்டு யாரோ எண்களைப் படத்தில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஊர் எரித்திரியாவின் பக்கம் விழுந்தது. ஆணையமும் அதை உறுதிசெய்தது.

இறுதியானது என்று கையெழுத்திட்ட எத்தியோப்பியா, இந்தத் தீர்ப்பு செல்லாது என்று 2003 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்செயலருக்குக் கடிதம் எழுதியது. 2004 நவம்பரில் சற்று மனமிரங்கி, கொள்கையளவில் ஏற்பதாகச் சொன்னது. கொள்கையளவில் ஏற்ற ஊரை நிர்வாக அளவில் தானே வைத்துக்கொண்டது. ஆணையம் தூண் நடப் போனால் ஒருநாள் இவர்கள் விடவில்லை, ஒருநாள் அவர்கள் விடவில்லை. 2007 நவம்பர் 30 அன்று, எல்லையை ஆயத்தொலை எண்களாகவே வரையறுத்துவிட்டோம், இதற்குமேல் எங்களால் ஆகாது என்று சொல்லிவிட்டு ஆணையம் கலைந்தது. மண்ணில் நட முடியாத எல்லையைக் காகிதத்தில் நட்டுக் காட்டியது இந்தப் போரின் அறிவியல் கொடை.

இதோடு முடியவில்லை. இழப்பீட்டு வழக்குகளுக்கென்று அதே தி ஹேக் நகரில் இன்னொரு ஆணையம் இருந்தது. அது 2005 டிசம்பரில், 1998 மே மாதம் பட்மேக்குள் படை அனுப்பியது சர்வதேசச் சட்டத்தை மீறிய செயல், எரித்திரியா குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: ஊர் எரித்திரியாவுக்குச் சொந்தம், அந்த ஊருக்குள் எரித்திரியா நுழைந்தது குற்றம். சட்டம் படித்தவர்கள் இதில் முரண்பாடு எதுவும் இல்லை என்று விளக்குவார்கள். நிர்வாகத்தில் இருப்பவனிடமிருந்து ஆயுதத்தால் பிடுங்கக் கூடாது என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். அந்தச் சரியை 1998 ஏப்ரலில் யாராவது உரக்கச் சொல்லியிருந்தால் இந்தப் பத்திரம் எழுதும் பேறு எனக்குக் கிடைத்திருக்காது.

2009 ஆகஸ்டில் கடைசிக் கணக்கு வந்தது. எரித்திரியா எத்தியோப்பியாவுக்கு ஏறத்தாழ 17 கோடியே 40 லட்சம் டாலர் தர வேண்டும். எத்தியோப்பியா எரித்திரியாவுக்கு ஏறத்தாழ 16 கோடியே 35 லட்சம் டாலர் தர வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது 1 கோடியே 5 லட்சம் டாலர். அதை, மிகக் குறைந்த மதிப்பீடான 70,000 பேரால் வகுத்தால் தலைக்கு 150 டாலர் வருகிறது. இவ்வளவு சிக்கனமாகக் கணக்கு முடிந்த போர் வேறு உண்டா?

சண்டை நின்ற பிறகு வந்த பதினெட்டு ஆண்டுகளும் இந்தப் போரின் பொற்காலம். போரும் இல்லை, சமாதானமும் இல்லை. 25 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு காவல் வலயம்; அதில் ஐ.நா. படை, ஒரு கட்டத்தில் 4,200 பேர் வரை. இந்திய வீரர்களும் அந்த வெயிலில் நின்றார்கள், சிறிது காலம் படைத்தலைவராகவும் ஓர் இந்தியத் தளபதியே இருந்தார். எரித்திரியா முதலில் அவர்களின் ஹெலிகாப்டர்களைப் பறக்கக் கூடாது என்றது, பிறகு எரிபொருளை நிறுத்தியது. 2008 ஜூலையோடு அந்தப் படை மூட்டைகட்டியது. அமைதிகாக்க வந்தவர்களின் உடல்நலத்தில் அவ்வளவு அக்கறை.

எல்லையில் எதிரி நிற்கிறான் என்ற ஒரு வாக்கியம் எத்தனை பிரச்சினைகளைத் தீர்த்துவைத்தது! எரித்திரியாவில் கட்டாய தேசிய சேவை சட்டப்படி 18 மாதம். போருக்குப் பிறகு அது முடிவே இல்லாத சேவையாக நீண்டது. பதினெட்டு வயதில் உள்ளே போனவர்கள் நரை விழுந்தும் சீருடையில் இருந்தார்கள். 1997இல் ஏற்கப்பட்ட அரசியல் சட்டம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள், போர் நடத்திய விதத்தைப் பற்றிப் பேசுவோம் என்று 2001 மே மாதம் ஆளுங்கட்சியின் மூத்தவர்கள் 15 பேர் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். விடுதலைப் போரின் தளபதிகள், அமைச்சர்களாக இருந்தவர்கள். செப்டம்பர் 18 அன்று, உலகத்தின் கண் முழுக்க நியூயார்க்கின் இடிபாடுகள்மீது இருந்த வாரத்தில், அவர்களில் 11 பேர் கைதானார்கள். தனியார் பத்திரிகைகள் எல்லாம் மூடப்பட்டன. விசாரணை இன்றுவரை நடக்கவில்லை. ஆகவே அவர்கள்மீது தவறான தீர்ப்பு சொல்லப்பட்டது என்று யாரும் குறைகூற முடியாது.

அதே 2001இல் எத்தியோப்பியாவிலும் வீட்டுச் சுத்தம் நடந்தது. எதிரியிடம் மென்மையாக நடந்துகொண்டார் என்று மெலஸைக் குறைகூறிய தோழர்கள் கட்சியிலிருந்து போனார்கள். முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் சியே அப்ரஹா ஊழல் குற்றச்சாட்டில் சிறைக்குப் போனார். படைகளின் தலைமைத் தளபதி ட்ஸட்கான் வீட்டுக்குப் போனார். எதிரெதிர் நாடுகள், ஆனால் போரில் தோளோடு தோள் நின்றவர்களை ஒரே ஆண்டில் ஒதுக்கித் தள்ளியதில் அண்ணன் தம்பி போல ஒற்றுமை.

இளைஞர்களுக்கு உலகம் சுற்றும் வாய்ப்பும் கிடைத்தது. முடிவில்லாத சேவையிலிருந்து தப்பிய எரித்திரியப் பிள்ளைகள் சூடானைக் கடந்து, சகாராவைக் கடந்து, லிபியாவில் படகேறினார்கள். 2013 அக்டோபர் 3 அன்று இத்தாலியின் லம்பெதூசா தீவருகே மூழ்கிய ஒரே படகில் 360 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் எரித்திரியர்கள். நூறு ஆண்டுக்கு முன் காகிதத்தில் எல்லைக்கோடு போட்டுக் கொடுத்த அதே இத்தாலியின் கரை.

2018இல் ஒரு விபரீதம் நடந்தது. எத்தியோப்பியாவில் புதிதாக வந்த பிரதமர் அபிய் அகமது தீர்ப்பை முழுமையாக ஏற்பதாக அறிவித்துவிட்டு, ஜூலையில் அஸ்மாராவுக்குப் பறந்து போய் இசயாஸைக் கட்டிப்பிடித்தார். துண்டிக்கப்பட்ட தொலைபேசி இணைப்புகள் திரும்ப வந்தன. இரு பக்கமும் மக்கள் ஏதாவது ஓர் எண்ணைச் சுழற்றி, யார் எடுத்தாலும் அவரோடு பேசினார்கள். ஜூலை 18 அன்று அடிஸ் அபாபாவிலிருந்து முதல் பயணிகள் விமானம் கிளம்பியபோது கூட்டம் தாங்காமல் இரண்டு விமானங்களை அனுப்ப வேண்டியிருந்தது. இருபது ஆண்டு பார்க்காத தாயும் மகளும், கணவனும் மனைவியும் விமான நிலையத்தில் விழுந்து அழுதார்கள். இந்தப் போரின் மேன்மையைப் பாமர மக்கள் கடைசிவரை புரிந்துகொள்ளவே இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

தலைவர்கள் புரிந்துகொண்டார்கள். 2018 செப்டம்பரில் திறந்த எல்லைச் சாவடிகள் சில மாதங்களில் ஒவ்வொன்றாக மூடின. 2019 டிசம்பரில் அபிய் ஒஸ்லோவில் அமைதிக்கான நோபல் பரிசை வாங்கியபோது, அமைதி பெற்ற அந்த எல்லை ஏற்கெனவே சாத்தியிருந்தது. பட்மே போரில் வானொலித் தொடர்பாளராக இருந்ததையும், ஆன்டெனாவுக்கு அலை கிடைக்குமா என்று பதுங்குகுழியை விட்டுச் சற்று விலகிய நேரத்தில் தன் பிரிவு முழுவதும் பீரங்கித் தாக்குதலில் அழிந்ததையும் அந்த மேடையில் அவர் உருக்கமாகச் சொன்னார். ஓராண்டு தாண்டுவதற்குள், 2020 நவம்பரில், திக்ராய்மீது போர் தொடங்கியது. எத்தியோப்பியப் படைக்குத் துணையாக எல்லை தாண்டி வந்தது எரித்திரியப் படை. இருபது ஆண்டு பகைத்தவர்கள் ஒன்றுசேர்ந்தே விட்டார்கள், மூன்றாவதாக ஒருவரை அடிப்பதற்கு. 6 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்றார் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தூதர் ஒபசாஞ்சோ. பட்மே எங்கள் பக்கம் என்று 2002இல் வெற்றி அறிவித்த செயூம் மெஸ்ஃபினை 2021 ஜனவரியில் எத்தியோப்பிய ராணுவமே திக்ராயில் சுட்டுக் கொன்றது. 1998இல் கொத்துக்குண்டு விழுந்த ஐதெரின் பெயரைத் தாங்கி மெக்கேலேயில் நிற்கும் பெரிய மருத்துவமனையில் திக்ராய்ப் போரின்போது மருந்து தீர்ந்துபோனது.

2022 நவம்பரில் பிரிட்டோரியாவில் அந்தப் போருக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். எரித்திரியா அதில் கையெழுத்துப் போடவில்லை. இசயாஸ் 1993 முதல் அதிபராகவே இருக்கிறார்; தேர்தல் என்ற அலைச்சலை மக்களுக்கு ஒருமுறைகூட அவர் தந்ததில்லை. மெலஸ் 2012இலேயே காலமாகிவிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து அபிய் தொடர்கிறார். செங்கடலில் ஒரு துறைமுகம் இல்லாமல் எத்தியோப்பியா வாழ முடியாது என்று 2023 முதல் வெளிப்படையாகப் பேசிவருகிறார். அவர் நாட்டில் பலர் கைகாட்டுவது அசாப்பை.

1998 மே மாதம் வரை எத்தியோப்பியாவின் ஏற்றுமதியும் இறக்குமதியும் பெரும்பாலும், இரு நாடுகளும் பேசிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில், அந்த அசாப் துறைமுகம் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தன.